அலிகேனி கவுண்டியின் மூன்று கோர்ட்டுகள்

கேள்வி இதுதான்: "பிட்ஸ்பர்க் நகர மையத்தில், கிராண்ட் தெருவில், கோட்டை மாதிரி ஒரு கருங்கல் கட்டடம் பார்த்தேன். கவுண்டி கோர்ட் என்றார்கள். கோர்ட்டை எதற்கு இப்படிக் கோட்டை மாதிரி கட்டினார்கள்? பின்பக்கம் தெருவைத் தாண்டி ஒரு மூடுபாலம் போகிறதே, அது என்ன?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது அலிகேனி கவுண்டியின் மூன்றாவது கோர்ட். 1884ல் வேலை தொடங்கி 1888ல் முடிந்தது. வடிவமைத்தவர் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன். மூடுபாலம் கோர்ட்டையும் அதன் பின்னால் இருக்கும் பழைய ஜெயிலையும் இணைக்கிறது. கோட்டை போலத் தெரிவதற்கு அந்தக் காலத்து ரசனை ஒரு காரணம். அதோடு நிறுத்தினால் அந்தக் கட்டடத்துக்கு நியாயம் செய்ததாகாது. வெளியிலிருந்து பார்த்தால் கோட்டை. உள்ளே போனால் அது முற்றம் வைத்த வீடு. பிட்ஸ்பர்க்கின் நிலக்கரிப் புகைக்கு நடுவில் வெளிச்சமும் காற்றும் கிடைக்க வேண்டும் என்று யோசித்து யோசித்துக் கட்டிய வீடு. இதற்கு முன்னால் இருந்த இரண்டு கோர்ட்டுகளின் கதையைத் தெரிந்துகொண்டால்தான் இது புரியும்.

அமெரிக்காவில் கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம். பென்சில்வேனியா மாநிலத்தில் மட்டும் 67 கவுண்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைநகர், அங்கே ஒரு கோர்ட். பத்திரம், உயில், வரி, வழக்கு எல்லாவற்றுக்கும் குதிரை பூட்டிக்கொண்டு சனங்கள் வரும் இடம் அது. அதனால் எந்த ஊருக்குக் கோர்ட் கிடைக்கிறதோ அந்த ஊர் பிழைத்துக்கொள்ளும். அலிகேனி கவுண்டி 1788 செப்டம்பர் 24 அன்று பிறந்தது. வெஸ்ட்மோர்லேண்ட், வாஷிங்டன் என்ற இரண்டு கவுண்டிகளிலிருந்து பிரித்தெடுத்த நிலம். தலைநகரை ஆற்றுக்கு அக்கரையில், அரசு ஒதுக்கி வைத்திருந்த காலி நிலத்தில் அமைக்கலாம் என்பதுதான் முதல் சட்டத்தின் எண்ணம். பிட்ஸ்பர்க்காரர்கள் விடவில்லை. ஊர் இங்கே இருக்கும்போது கோர்ட் அங்கே எதற்கு என்று மல்லுக்கட்டி, 1791ல் சட்டத்தை மாற்றவைத்துத் தங்கள் ஊருக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

அலிகேனி, மொனாங்கஹீலா என்ற இரண்டு ஆறுகள் கூடி ஒஹாயோ ஆறாகும் முனையில்தான் அந்த ஊர் இருந்தது. பென்சில்வேனியாவை நிறுவிய பென் குடும்பத்தாருக்குச் சொந்தமாக இருந்த அந்த நிலத்தை 1784ல் ஜார்ஜ் உட்ஸ் அளந்து தெருப் பிரித்தார். நடுவே ஒரு சதுக்கம் விட்டார். அதற்கு ஊரார் வைத்த பெயர் 'டயமண்ட்'. முதல் கோர்ட் 1790களில் அந்தச் சதுக்கத்தில்தான் எழுந்தது. செங்கல் கட்டடம், மேலே ஒரு மரக் கோபுரம். சதுக்கத்தின் ஒரு பாதியில் கோர்ட், மறுபாதியில் சந்தை. முட்டைக்கோசு விலை பேசும் சத்தம் கேட்கிற தூரத்தில் நீதிபதி. சந்தைக்கு வருகிறவனும் வழக்குக்கு வருகிறவனும் ஒரே ஆள்தான் என்பதால் அந்த ஊருக்கு அது பொருத்தமான ஏற்பாடுதான். அந்தக் கட்டடம் இன்று இல்லை. சதுக்கம் மார்க்கெட் சதுக்கம் என்ற பெயரில் இன்றும் ஊரின் நடுவில் இருக்கிறது. மதிய நேரத்தில் போனால் சாப்பாட்டுக் கூட்டம் அலைமோதும்.

ஊர் வளர்ந்தது. இரும்பும் கண்ணாடியும் செய்யும் ஊராக மாறியது. சுற்றியிருந்த மலைகளைத் தோண்டினால் நிலக்கரி. தொழிற்சாலை, படகு, வீட்டு அடுப்பு எல்லாம் அதே கரியில்தான் எரிந்தன. சதுக்கத்து இடம் போதாமல் போனபோது கவுண்டி, ஊருக்குக் கிழக்கே இருந்த கிராண்ட் மேட்டின் மேல் கண் வைத்தது. அந்த மேட்டுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1758 செப்டம்பரில் மேஜர் ஜேம்ஸ் கிராண்ட் தலைமையில் வந்த பிரிட்டிஷ் படையைப் பிரெஞ்சுக்காரர்களும் அவர்களோடு சேர்ந்த பூர்வகுடிகளும் அங்கே தோற்கடித்தார்கள். தோற்றவரின் பெயரே மேட்டுக்கும், பின்னால் தெருவுக்கும் நிலைத்துவிட்டது.

இரண்டாவது கோர்ட் அந்த மேட்டின் மேல் 1841ல் முடிந்தது. கட்டியவர் ஜான் சிஸ்லெட், இங்கிலாந்திலிருந்து வந்தவர். பழைய கிரேக்கக் கோயில்களைப் போலத் தூண் வரிசையும் முக்கோண முகப்பும் வைத்து, நடுவில் குவிமாடம் எழுப்பினார். குடியரசு என்றால் கிரேக்கத் தூண் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா முழுவதும் நம்பிய காலம் அது. வங்கி, பள்ளிக்கூடம், கோர்ட் எல்லாவற்றுக்கும் அதே முகம். ஆற்றில் படகேறி வருகிறவர்களுக்கு மேட்டின் உச்சியில் அந்தக் குவிமாடம் தெரிந்திருக்கும். 1845 ஏப்ரலில் ஊரில் பெரிய தீ பிடித்து மூன்றில் ஒரு பங்கு நகரம் சாம்பலானபோது, மேட்டின் மேல் இருந்த கோர்ட் தப்பித்தது.

தீயிலிருந்து தப்பியது புகையிடம் மாட்டிக்கொண்டது. சிஸ்லெட் பயன்படுத்தியது மணற்கல். வெட்ட எளிது, செதுக்க எளிது, புதிதில் வழவழவென்று அழகாக இருக்கும். ஆனால் நிலக்கரிப் புகையில் கந்தகம் உண்டு. மழையில் கலந்தால் அது அமிலம். அந்த அமிலம், மணலைப் பிடித்து வைத்திருக்கும் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். கல்லின் முகம் தோல் உரிவது போல உரிந்தது. கூரையோரத்து வேலைப்பாடுகள் பெயர்ந்து விழத் தொடங்கின. அப்படியே அதில் வழக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். 1882 மே 7 அன்று தீப்பிடித்து, குவிமாடமும் உள்கட்டும் போனபின் இடித்துத் தள்ளினார்கள். சிஸ்லெட்டின் கைவேலையைப் பார்க்க வேண்டுமானால் நான்காம் அவென்யூவில் 1836ல் அவர் கட்டிய பர்க் கட்டடம் இருக்கிறது. சின்னக் கட்டடம்தான். 1845 தீயிலும் தப்பி, இன்றுவரை நிற்கிறது.

அடுத்து வந்தவர்களுக்கு இந்த இரண்டாவது கோர்ட் பெரிய பாடம். புகையில் உரியாத கல் வேண்டும். எரியாத கட்டுமானம் வேண்டும். பகல் பன்னிரண்டு மணிக்கே விளக்கேற்ற வேண்டியிருந்த ஊரில் வெளிச்சம் வேண்டும். ஜன்னலைத் திறந்தால் மேசை மேல் கரித்தூள் படிகிற ஊரில் சுத்தமான காற்று வேண்டும். கவுண்டி நிர்வாகிகள் சில கட்டடக் கலைஞர்களை மட்டும் அழைத்துப் போட்டி வைத்தார்கள். 1884 தொடக்கத்தில் ரிச்சர்ட்சனின் வரைபடம் தேர்வானது.

ரிச்சர்ட்சன் 1838ல் லூசியானாவில் பிறந்தவர். ஹார்வர்டில் படித்து, பாரிஸின் எகோல் தெ போஸார் பள்ளியில் கட்டடக் கலை பயின்றவர். அந்தப் பள்ளியில் சேர்ந்த இரண்டாவது அமெரிக்கர் அவர். 1877ல் முடிந்த பாஸ்டன் டிரினிட்டி தேவாலயம் அவரை நாடறியச் செய்தது. தெற்குப் பிரான்சிலும் ஸ்பெயினிலும் 11, 12ஆம் நூற்றாண்டுகளில் கட்டிய ரோமனெஸ்க் தேவாலயங்கள் மேல் அவருக்குத் தீராத பிரியம். தடித்த சுவர், அரைவட்ட வளைவு, குட்டையான பருத்த தூண். அந்த மொழியை எடுத்து, கப்பலும் ரயிலும் ஓடும் அமெரிக்காவுக்கு ஏற்றபடி பேச வைத்தார். அவர் பெயராலேயே 'ரிச்சர்ட்சன் ரோமனெஸ்க்' என்று ஒரு பாணி உண்டு. கட்டடக் கலைஞர் ஒருவரின் பெயரையே பாணிக்கு வைப்பது அரிது.

கட்டும் பொறுப்பு மாசசூசெட்ஸைச் சேர்ந்த நார்கிராஸ் சகோதரர்களுக்குப் போனது. ரிச்சர்ட்சனின் முக்கியமான வேலைகள் பலவற்றை அவர்கள்தான் கட்டினார்கள். ஒப்பந்தத் தொகை சுமார் 22 லட்சத்து 43 ஆயிரம் டாலர். கல்லும் மாசசூசெட்ஸிலிருந்தே வந்தது: மில்ஃபர்ட் என்ற ஊர்ப் பக்கத்துக் கருங்கல், மெல்லிய இளஞ்சிவப்புச் சாயல் கொண்டது. உள்ளூரில் மணற்கல் கொட்டிக் கிடக்கும்போது நூற்றுக்கணக்கான மைல் தாண்டி ரயிலில் கல் வரவழைத்தது வீண் ஆடம்பரம் என்று தோன்றலாம். சிஸ்லெட்டின் சுவர் உரிந்த கதையை நினைத்தால் அப்படித் தோன்றாது. கருங்கல்லைப் புகையும் அமிலமும் அவ்வளவு சுலபமாக அரிக்காது, கறுக்கும், அவ்வளவுதான்.

அந்தக் கல்லின் முகத்தை இழைத்துச் சமமாக்காமல், உளி வெட்டிய கரடுமுரடாகவே விட்டிருக்கிறார்கள். இது சிக்கனத்துக்காகச் செய்ததில்லை. மங்கலான வெளிச்சத்தில் வழவழப்பான சுவர் தட்டையாகச் செத்துக் கிடக்கும். கரடுமுரடான சுவரில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு நிழல் விழும். புகை மூடிய நாளிலும் சுவருக்கு உயிர் இருக்கும். நகைநட்டு வேலைப்பாடு மிகக் குறைவு. கல்லின் அளவு, வளைவின் வரிசை, ஜன்னலின் இடைவெளி இவற்றை வைத்தே மொத்த முகத்தையும் அமைத்துவிட்டார். என்னைக் கேட்டால், டிரினிட்டி தேவாலயத்தைவிட இங்கேதான் ரிச்சர்ட்சனின் கை முதிர்ந்து தெரிகிறது. அங்கே வண்ணமும் சிற்பமும் கண்ணை இழுக்கும். இங்கே கல் மட்டுமே பேசும்.

இப்போது உள்ளே வருவோம். தரைப்படத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: நான்கு பக்கமும் கட்டு, நடுவில் திறந்த முற்றம். நம் ஊரில் தொட்டிக்கட்டு வீடு பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். தெருப் பக்கம் வண்டிச் சத்தமும் புழுதியும். முற்றத்துப் பக்கம் அமைதியும் வெளிச்சமும். அறைகளுக்கு இரண்டில் ஏதோ ஒரு பக்கம் ஜன்னல் கிடைக்கும். இருட்டு அறை என்று ஒன்று நடுவில் மாட்டிக்கொள்ளாது. மின்விளக்கு அப்போதுதான் பிறந்திருந்தது என்பதை மறக்கக் கூடாது. நாள் முழுக்கச் சாட்சி கேட்க வேண்டும், கையெழுத்துப் பத்திரம் படிக்க வேண்டும். ஜன்னல்தான் விளக்கு.

முகப்பில் சுமார் 250 அடி உயரத்துக்கு எழும் கோபுரத்தைப் பார்க்கிறவர்கள் அது பெருமைக்காக வைத்தது என்று நினைப்பார்கள். பெருமையும் உண்டுதான். ஆனால் அதற்கு ஒரு வேலையும் இருந்தது. புகை அடர்த்தியாகப் படிவது தெருமட்டத்தில். மேலே போகப் போகக் காற்று கொஞ்சம் தெளியும். கோபுரத்தின் உச்சிப் பக்கத் திறப்புகள் வழியாக அந்தக் காற்றை உள்ளே இழுத்து, கீழே அடித்தளத்துக்கு இறக்கி, அங்கிருந்து கட்டடம் முழுக்க அனுப்புவதுதான் ஏற்பாடு. கோட்டைக் கொத்தளம் போலத் தெரியும் அந்தக் கோபுரம் உண்மையில் கட்டடத்தின் மூக்கு. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்கு அந்தக் கட்டடம் வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்துவிட்டது. ஒப்பனைக்கு ஒரு உறுப்பு, பயனுக்கு ஒரு உறுப்பு என்று அவர் பிரிக்கவே இல்லை.

பெரிய படிக்கட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வளைவுக்குப் பின்னால் வளைவு, அதற்குப் பின்னால் இன்னொரு வளைவு, ஒவ்வொன்றும் வேறு வேறு உயரத்தில். ஏற ஏற அவை ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நகரும். சிற்பமே கிடையாது. வெறும் கல் வளைவும் அதன் மேல் விழும் வெளிச்சமும்தான். வழக்குக்காக நெஞ்சு படபடக்க ஏறுகிற ஒருவரைக்கூட ஒரு நொடி நிறுத்திவிடும் படிக்கட்டு அது.

அடுத்து அந்த மூடுபாலம். கோர்ட்டுக்குப் பின்னால் ராஸ் தெரு, அதற்கு அந்தப்புறம் ஜெயில். ரிச்சர்ட்சன் இரண்டையும் சேர்த்தே வடிவமைத்தார். கைதியைத் தெருவில் இறக்கி, கூட்டத்துக்கு நடுவே நடத்திக் கூட்டிப்போகாமல், ஜெயிலிலிருந்து நேராக விசாரணைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்காகத் தெருவுக்கு மேலே ஒற்றை வளைவில் ஒரு கல்பாலம். வெனிஸ் நகரத்தில் டோஜ் மாளிகையையும் சிறையையும் இணைத்து 1600 வாக்கில் கட்டிய 'பெருமூச்சுப் பாலம்' உலகப் பிரசித்தம். அதையொட்டி இதற்கும் அதே பெயர் நிலைத்தது. தண்டனை கேட்டுத் திரும்பும் கைதி கடைசியாக வெளியுலகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடும் இடம் என்பது அந்தப் பெயரின் பொருள்.

ஜெயில் கோர்ட்டுக்கு முன்பே, 1886ல் முடிந்துவிட்டது. நடுவில் எண்கோணக் கூடம், அதிலிருந்து கைகளை நீட்டியது போல அறை வரிசைகள். கூடத்தில் நிற்கும் காவலர் தலையைத் திருப்பினாலே எல்லா வரிசையும் தெரியும். ஆனால் கட்டடக் கலைஞர்கள் யாத்திரை வருவது அதன் வெளிச்சுவரைப் பார்க்கத்தான். ஜன்னலே இல்லாத நீண்ட கருங்கல் மதில். அதில் ஒரு வாசல் வளைவு, தரையிலிருந்தே முளைத்தது போல. வளைவின் ஒவ்வொரு கல்லும் ஆள் உயரத்துக்குத் தோன்றும். எந்த அலங்காரமும் இல்லாமல் கல்லின் எடையை வைத்தே 'உள்ளே போனால் வெளியே வருவது கஷ்டம்' என்று சொல்லிவிடுகிறது.

கஷ்டம்தானே தவிர முடியாதது இல்லை என்று 1902 ஜனவரி 30 அன்று காட்டினார்கள். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டிருந்த எட், ஜாக் பிடில் என்ற சகோதரர்கள், ஜெயில் கண்காணிப்பாளரின் மனைவி கேட் சாஃபெல் உதவியோடு கம்பியை அறுத்துத் தப்பினார்கள். அவரும் கூடவே போனார். பக்கத்து பட்லர் கவுண்டியில் போலீஸ் சுட்டதில் சகோதரர்கள் இருவரும் இறந்தார்கள். சுவர் கருங்கல்லாக இருந்து என்ன, கண்காணிப்பாளரின் வீடு ஜெயிலுக்குள்ளேயே இருந்தது.

ரிச்சர்ட்சன் இவற்றில் எதையும் முழுதாகப் பார்க்கவில்லை. சிறுநீரக நோயோடு போராடிக்கொண்டே வேலை செய்தவர், 1886 ஏப்ரல் 27 அன்று 47 வயதில் இறந்துபோனார். இதுவரை செய்த சின்ன வேலைகளுக்கே இவ்வளவு பாராட்டுகிறவர்கள், பிட்ஸ்பர்க் முடிந்ததும் என்ன சொல்வார்களோ என்று கடைசி நாட்களில் அவர் சொன்னதாக அவர் வாழ்க்கையை எழுதியவர் பதிவு செய்திருக்கிறார். மிச்ச வேலையை அவர் அலுவலகத்து ஷெப்லி, ருட்டன், கூலிட்ஜ் மூவரும் முடித்தார்கள். அவர் வரைந்தபடியே முடித்தார்கள் என்பதுதான் முக்கியம். கவுண்டி பிறந்து சரியாக நூறு ஆண்டு ஆன 1888 செப்டம்பரில் கோர்ட்டைத் திறந்தார்கள்.

இப்போது ஒரு சொந்தக் கதை. சில வருஷத்துக்கு முன் ஊரிலிருந்து என் மாமனார் வந்திருந்தார். பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலும் இதே அலிகேனி கவுண்டியில்தான் இருக்கிறது. கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் அவரைக் கிராண்ட் தெருவுக்குக் கூட்டிப்போனேன். முகப்பில் நின்று கொஞ்ச நேரம் மேலும் கீழும் பார்த்தார். "மாப்ளே, இந்த வாசல் இங்க இருந்திருக்காது. வளைவு எங்கயோ மேல நிக்குது, கதவு கீழ கிடக்குது. கட்டடம் இறங்கலை. தரையைத்தான் யாரோ வெட்டி எடுத்திருக்காங்க, பாருங்க" என்றார். உள்ளே நுழைந்ததும் கூரையைக் கை காட்டினார். "இது அடித்தளம். இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு இப்படித் தாழ்ந்த கூரையில யாரும் வரவேற்பு வைக்க மாட்டாங்க."

அவர் சொன்னது அத்தனையும் சரி. கிராண்ட் மேடு வண்டிப் போக்குவரத்துக்கு எப்போதும் இடைஞ்சல். 'ஹம்ப்', அதாவது திமில், என்றே அதற்குப் பெயர். 19ஆம் நூற்றாண்டிலேயே அதைச் செதுக்கத் தொடங்கிவிட்டார்கள். ரிச்சர்ட்சனுக்கு அது தெரியும். இன்னொரு நாள் தெரு இறங்கலாம் என்று எதிர்பார்த்து, தரைக்குக் கீழே மறையும் கல் வரிசைகளையும் முகக் கல் போலவே ஒழுங்காகக் கட்டவைத்தார். மண்ணை எடுத்தாலும் கட்டடம் அம்மணமாகத் தெரியக் கூடாது என்ற முன்யோசனை. ஆனால் 1912-13ல் நகரம் வெட்டியது அவர் நினைத்ததைவிட அதிகம். ஆழமான இடத்தில் சுமார் 16 அடி. விடிந்து பார்த்தால் பிரதான வாசல் ஒரு மாடி உயரத்தில் தொங்கியது. வெளியே பெரிய படிக்கட்டு ஒன்று கட்டிச் சமாளித்தார்கள். பிறகு தெருவை அகலப்படுத்தியபோது அந்தப் படிக்கட்டும் போனது. கடைசியில் வாசல்களைக் கீழே தெருமட்டம் வரை நீட்டிவிட்டார்கள். அதனால்தான் இன்றைக்கு நாம் நுழைவது பழைய அடித்தளத்தின் தாழ்ந்த நடைவழியில். ரிச்சர்ட்சன் நினைத்த கம்பீரமான முன்கூடம் நம் தலைக்கு மேலே இருக்கிறது. நீங்கள் பார்த்தபோது கோட்டை மாதிரி இன்னும் இறுக்கமாகத் தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்த முகம் ஒரு மாடி நீண்டுவிட்டது.

கோபுரத்தின் கதியும் மாறியது. 1902ல் கோர்ட்டுக்கு நேர் எதிரே எஃகுத் தொழிலதிபர் ஹென்றி கிளே ஃபிரிக் தன் பெயரில் 20 மாடிக் கட்டடம் எழுப்பினார். ஊரிலேயே உயர்ந்து நின்ற கோபுரத்துக்கு முன்னால் ஒரு திரை விழுந்தது போலாயிற்று. இதே ஃபிரிக்கை 1892ல் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலை வேலைநிறுத்தத்தின்போது சுட்டுக் குத்திய அலெக்சாண்டர் பெர்க்மனை இந்த ஜெயிலில்தான் வைத்தார்கள். இந்தக் கோர்ட்டில்தான் விசாரித்து 22 ஆண்டு தண்டனை கொடுத்தார்கள்.

ஜெயிலில் இடம் பற்றாமல் 1904 முதல் 1908 வரை ஃபிரெடரிக் ஆஸ்டர்லிங் விரிவாக்கினார். அவர் சேர்த்த பகுதியை ரிச்சர்ட்சனுடையதிலிருந்து பிரித்துச் சொல்லப் பழகிய கண் வேண்டும். அவ்வளவு மரியாதையோடு செய்திருக்கிறார். கோர்ட்டின் உட்புறத்துக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. வழக்கு பெருகப் பெருக உயரமான கூடங்களைக் குறுக்கே தடுத்தார்கள், தாழ்வான பொய்க்கூரை போட்டு ஜன்னல் வளைவுகளை மறைத்தார்கள். முற்றத்தில் கார் நிறுத்தினார்கள். வெளிச்சத்துக்கென்று விட்ட இடத்தில் கார் நின்றதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கசக்கிறது. 1970களில்தான் புத்தி வந்தது. 1976ல் கோர்ட்டும் ஜெயிலும் தேசிய வரலாற்றுச் சின்னமாயின. முற்றத்தைப் பூங்காவாக்கினார்கள். 1980களின் கடைசியில் 321ஆம் எண் கோர்ட் அறையைப் பழைய படியே மீட்டெடுத்தார்கள்.

1995ல் ஆற்றோரத்தில் புது ஜெயில் வந்ததும் பழையது காலியானது. ஜன்னல் இல்லாத கல் மதிலும், அறை அறையாகத் தடுத்த உள்கட்டும் கொண்ட இடத்தை வைத்து என்ன செய்வது? இடித்துவிடலாம் என்று சொல்ல அதிக நேரம் ஆகாது. இடிக்கவில்லை. உள்ளே இருந்த கைதி அறைகளில் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டு, எண்கோணக் கூடத்தை அப்படியே வைத்து, 2000ல் குடும்பநல நீதிமன்றமாக மாற்றினார்கள். கைதி அறைகளில் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுக்காமல் விட்டு, அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். இன்றைக்குக் குற்ற வழக்குகள் ரிச்சர்ட்சனின் கோர்ட்டில். உரிமையியல் வழக்குகள் பக்கத்திலேயே ஹென்றி ஹார்ன்பாஸ்டல் 1917ல் கட்டிய நகர-கவுண்டிக் கட்டடத்தில். விவாகரத்தும் குழந்தை வழக்கும் பழைய ஜெயிலில்.

இந்தக் கட்டடத்தின் பிள்ளைகள் வட அமெரிக்கா முழுக்க இருக்கிறார்கள். டொராண்டோவின் பழைய நகர மண்டபத்தைப் பார்த்த கனடாத் தமிழர்கள் பிட்ஸ்பர்க் வந்தால், எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று நினைப்பார்கள். 1899ல் இ. ஜே. லென்னாக்ஸ் கட்டிய அந்த மண்டபம் இதே வழியில் வந்தது. மினியாபோலிஸ் நகர மண்டபமும் அப்படித்தான். அது ஹென்னபின் கவுண்டியின் கோர்ட்டாகவும் இருந்தது. டெக்சாஸில் ஜேம்ஸ் ரைலி கோர்டன் இந்தப் பாணியில் கவுண்டி கோர்ட்டுகளை வரிசையாகக் கட்டினார். வாக்ஸஹாச்சி என்ற சிற்றூரில் 1897ல் முடிந்த எல்லிஸ் கவுண்டி கோர்ட் அவற்றில் மிக அழகானது. டாலஸ் பக்கம் இருப்பவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் போய்ப் பார்த்துவிடலாம். அலங்காரத்தில் அது பிட்ஸ்பர்க்கை மிஞ்சும். கட்டுக்கோப்பில் பிட்ஸ்பர்க்தான்.

அடுத்த முறை போனால் வேலை நாளில் போங்கள். வாசலில் பையைச் சோதிப்பார்கள். அதற்குக் கொஞ்சம் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த நடைவழியில் நிற்காமல் நேராக மாடிப்படி ஏறி, முன்கூடத்தைப் பாருங்கள். பிறகு இறங்கி முற்றத்துக்குள் போய் கிராண்ட் தெருப் பக்கம் திரும்பி நின்றால், தெருவிலிருந்து ஃபிரிக் கட்டடம் மறைத்த கோபுரம் முழுதாகத் தெரியும். அதன்பின் பின்பக்க வாசல் வழியாக ராஸ் தெருவுக்கு வந்து, பாலத்தின் அடியில் நின்று ஜெயில் மதிலை ஒரு முறை கையால் தொட்டுப் பாருங்கள். சாய்வெயில் அடிக்கிற நேரத்தில் போனால், கல்லுக்குள் இருக்கும் அந்த இளஞ்சிவப்பு மெல்லத் தெரியும்.